பிக்கப் இல்லாத வண்டி: காரணம் காணும் கிரமம்

கார்புரேட்டர் பூட்டிய பழைய கார்களை இன்றும் பேணி ஓட்டி வருகிறவர்கள் தங்கள் வண்டியைப் பற்றிச் சொல்லும் குறைகளில் அடிக்கடி காதில் விழுவது “பிக்கப் இல்லை” என்பதே. ஆனால் அந்த இரண்டு சொற்களுக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத பல கோளாறுகள் அடங்கியிருக்கக்கூடும். அவற்றுள் எது நம் வண்டியைப் பிடித்திருக்கிறது என்று நிதானிக்காமல், போனட்டைத் திறந்தவுடன் கண்ணெதிரே தெரிகிறது என்ற ஒரே காரணத்தால் கார்புரேட்டரின் திருகுகளைத் திருப்பத் தொடங்குவது, சரியாக இருந்ததையும் கெடுத்து, ஒரு கோளாறை இரண்டாக்கிவிடும். ஆகவே இந்த அத்தியாயம் வற்புறுத்த விரும்புவது இதுவே: குறையின் லக்ஷணத்தை முதலில் தெளிவாக அறிந்துகொள்ளுங்கள், எளியதிலிருந்து கடினமானதற்குக் கிரமமாகச் செல்லுங்கள், கார்புரேட்டரைக் கடைசியில் தொடுங்கள்.

உதாரணத்துக்கு நம் நாட்டுச் சாலைகளில் நெடுங்காலம் ஓடிய இரண்டு வண்டிகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று, மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரை மூலமாகக் கொண்டு மேற்கு வங்காளத்து உத்தர்பாராவில் தயாராகி, 2014 மே மாதத்தோடு உற்பத்தி நின்றுபோன அம்பாசடர். மற்றொன்று, ஃபியட் 1100 குடும்பத்தில் பிறந்து பம்பாயில் தயாரான பிரீமியர் பத்மினி. அம்பாசடரின் 1489 சி.சி. பெட்ரோல் என்ஜினில் எஸ்.யூ. கார்புரேட்டரைப் பரவலாகக் காணலாம். பத்மினியின் 1089 சி.சி. என்ஜினில் சோலெக்ஸைக் காணலாம். இவ்விரண்டும் கார்புரேட்டர்களின் இரு பெரும் இனங்களுக்குப் பிரதிநிதிகளாதலால், இவற்றின் சுபாவத்தை அறிந்தவருக்கு மற்றப் பழைய வண்டிகளும் எளிதில் வசப்படும்.

வேகமெடுக்கும்போது நடப்பது என்ன?

பெட்ரோல் முற்றிலும் எரிவதற்கு, எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். என்ஜின் தன் முழு பலத்தையும் காட்ட வேண்டுமானாலோ, காற்று 12.5 அல்லது 13 பங்காகக் குறைந்து கலவை சற்றுச் செழிப்பாக வேண்டும். ஆக்சிலரேட்டரைத் திடீரென்று மிதிக்கும்போது, கார்புரேட்டரின் கதவு முழுதும் திறந்துகொள்ள, லேசான காற்று கணத்தில் உள்ளே பாய்ந்துவிடுகிறது. கனமான பெட்ரோல் ஜெட்டிலிருந்து எழுந்து வரச் சற்றுத் தாமதமாகிறது. அதோடு மேனிஃபோல்டின் உள்ளே இருந்த வெற்றிடமும் குறைந்துவிடுவதால், ஆவியாக வந்துகொண்டிருந்த பெட்ரோலின் ஒரு பகுதி குழாய்ச் சுவரிலேயே ஈரமாகப் படிந்துவிடுகிறது. இவ்வாறு, செழிப்பான கலவை மிகவும் தேவைப்படுகிற அதே கணத்தில் கலவை மெலிந்துவிடுகிறது. இந்த முரண்பாட்டைச் சமாளிப்பதற்கென்றே ஒவ்வொரு கார்புரேட்டரிலும் ஓர் உபாயம் அமைந்திருக்கிறது. அதைப் பின்னால் காண்போம்.

கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. கதவு திறந்து சிலிண்டருக்குள் கலவை நிறைய நிறைய, அங்கே அழுத்தம் உயர்கிறது. அழுத்தம் உயர்ந்த இடத்தில் பிளக்கின் இடைவெளியைத் தாண்டத் தீப்பொறிக்கு அதிக மின்னழுத்தம் வேண்டியிருக்கிறது. அதனால்தான் ஸ்லோ ஸ்பீடில் ஒரு குறையும் காட்டாத கண்டென்சரும் காயிலும் பிளக் வயரும், ஏற்றத்தில் மிதித்தவுடன் தங்கள் பலவீனத்தை வெளிப்படுத்திவிடுகின்றன. கார்புரேட்டரின் தலையில் சுமத்தப்படும் பல பழிகள் உண்மையில் தீப்பொறிக்கு உரியவை.

குறையின் லக்ஷணம்

வண்டியை நன்றாகச் சூடேற்றிக்கொண்டு, போக்குவரத்து இல்லாத ஒரு நேர்ச் சாலையிலும் ஒரு சிறு ஏற்றத்திலும் ஓட்டிப் பார்த்துக் கீழ்க்கண்டவற்றுள் எது என்று நிர்ணயம் செய்யுங்கள்.

மிதித்த கணத்தில் வண்டி ஒரு நொடி தொங்கி, பிறகு சரியாக இழுத்தால், அது கலவை மெலிவினால் வரும் தடுமாற்றம், எஸ்.யூ.வின் டேம்பர் எண்ணெயையோ சோலெக்ஸின் ஆக்சிலரேட்டர் பம்பையோ சந்தேகிக்கலாம்.

தொடக்கத்தில் நன்றாக இழுத்து, டாப் கியரில் வேகம் ஏறிய பிறகோ நீண்ட ஏற்றத்திலோ மூச்சுத் திணறினால், பெட்ரோல் வேண்டிய அளவு வந்து சேரவில்லை என்று கொள்ளலாம்.

பாரம் ஏறியதும் குலுக்கலும் மிஸ்ஸிங்கும் தோன்றினால் தீப்பொறிப் பகுதியை முதலில் பாருங்கள்.

எல்லா வேகத்திலும் ஒரே சீராக மந்தமாக இருந்தால், டைமிங், வால்வு, கம்ப்ரெஷன், அடைபட்ட சைலன்சர், இறுகிய பிரேக் ஆகியவற்றுள் ஒன்று காரணமாகலாம்.

என்ஜின் சத்தம் ஏறியும் வண்டி வேகம் ஏறாவிட்டால் என்ஜினில் பழுதே இல்லை, கிளட்ச் வழுக்குகிறது.

முதலில் என்ஜினுக்கு வெளியே

சமதரையில் வண்டியை நியூட்ரலில் நிறுத்திக் கையால் தள்ளிப் பாருங்கள். ஒருவர் தள்ளி நகர மறுக்கிற வண்டியில் பிரேக் ஷூ ஒட்டிக்கொண்டிருக்கக்கூடும். சிறிது தூரம் ஓட்டியபின் நான்கு சக்கரங்களின் டிரம்களிடம் கையைக் கொண்டுபோனால் குற்றவாளி சூட்டினால் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். டயர்களில் காற்றும் சரியாக இருக்கட்டும்.

அடுத்து, என்ஜினை நிறுத்திவிட்டு, ஒருவரை உள்ளே உட்காரவைத்து ஆக்சிலரேட்டரைத் தரை வரை மிதிக்கச் சொல்லி, ஏர் கிளீனரைக் கழற்றிவிட்டுக் கார்புரேட்டரின் கதவு முழுதும் திறக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். தேய்ந்த இணைப்புகளாலும், நீண்டுபோன கேபிளாலும், மிதியின் அடியில் மடங்கிக் கிடக்கும் மேட்டினாலும் கதவு முக்கால்வாசியே திறந்து, உரிமையாளர் மாதக்கணக்கில் பலக்குறைவைச் சகித்துக்கொண்டு ஓட்டுவது அபூர்வமன்று. கழற்றிய ஏர் கிளீனரையும் பாருங்கள்: தூசி அடைத்த காகித வடிகட்டியை மாற்றுங்கள், எண்ணெய்த் தொட்டி வகையானால் கழுவி, குறியிட்ட அளவுக்குப் புது எண்ணெய் ஊற்றுங்கள். சோக்கை உள்ளே தள்ளியபின் அது முற்றிலும் விலகுகிறதா என்பதும் இப்போதே பார்க்க வேண்டியது.

தீப்பொறி

நான்கு பிளக்குகளையும் கழற்றி, சிலிண்டர் வரிசைப்படி ஒரு பலகைமேல் வைத்துப் பாருங்கள். என்ஜினின் அந்தரங்கம் இவற்றின் முனையில் எழுதப்பட்டிருக்கிறது. இளம் பழுப்பு நிறமானால் எரிதல் செவ்வை. வறண்ட கரிப்புகை படிந்திருந்தால் கலவை அளவுக்கு மிஞ்சிச் செழித்திருக்கிறது, அல்லது தீப்பொறி பலவீனமாக இருக்கிறது. வெளுத்துச் சுண்ணாம்பு பூசினாற்போல் இருந்தால் கலவை மெலிவு. எண்ணெய் ஈரம் மினுங்கினால் ரிங்கோ வால்வு கைடோ தேய்ந்துவிட்டது. நான்கும் ஒரே நிறமாக இருப்பின் எல்லாவற்றுக்கும் பொதுவான காரணத்தையும், ஒன்று மட்டும் வேறுபட்டிருப்பின் அந்தச் சிலிண்டருக்கே உரிய காரணத்தையும் தேட வேண்டும். இந்த ஒரு பாகுபாடு பாதி வேலையைக் குறைத்துவிடும்.

அம்பாசடரின் 1489 சி.சி. என்ஜினுக்குப் பிளக் இடைவெளி 0.025 அங்குலம், பாயிண்ட் இடைவெளி 0.014 முதல் 0.016 அங்குலம் வரை. மற்ற வண்டிகளுக்கு அவற்றின் கையேட்டைப் பாருங்கள். பாயிண்டின் முகம் குழிவிழுந்தோ நீலம் பாரித்தோ இருந்தால், பாயிண்டோடு கண்டென்சரையும் சேர்த்தே மாற்றுவது உசிதம். கண்டென்சர் சோர்ந்துபோனால் புதுப் பாயிண்டும் விரைவில் கருகிவிடும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தால், தலைமயிர் போன்ற ஒரு கருங்கோடு மின்சாரம் குறுக்கே கசியும் வழியைக் காட்டக்கூடும். அப்படிப்பட்ட மூடியைத் துடைத்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பலரும் பாராமல் விடுகிற இரண்டு உறுப்புகள் உண்டு. வேகம் ஏற ஏறத் தீப்பொறியை முன்னதாக விழச் செய்யும் எடைத்துண்டுகள் ஒன்று: ரோட்டாரை அது சுழலும் திசையில் கையால் சிறிது திருகிவிட்டால், ஸ்பிரிங்கின் இழுப்பால் தானே பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும், திரும்பாமல் நின்றுவிட்டால் உள்ளே துருவும் பழைய பிசுக்கும் பிடித்திருக்கின்றன. மற்றொன்று வாக்குவம் டயாஃப்ரம்: கார்புரேட்டர்ப் பக்கத்துக் குழாய் முனையைக் கழற்றித் துடைத்து வாயால் உறிஞ்சினால், பாயிண்ட் பதித்த தட்டு சற்று நகர்ந்து, உறிஞ்சுவதை நாவால் அடைத்துப் பிடித்திருக்கும் வரை அங்கேயே நிற்க வேண்டும். நகராவிட்டாலும், நகர்ந்து உடனே திரும்பிவிட்டாலும் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. இவ்விரண்டையும் சரிபார்த்த பிறகே டைமிங் வைக்க வேண்டும். டைமிங் பின்தங்கினால் வண்டி மந்தமாகி என்ஜின் சூடேறும். மிகவும் முந்தினால் ஏற்றத்தில் ‘கிணிகிணி’ என்று நாக் அடிக்கும்.

வால்வும் கம்ப்ரெஷனும்

அம்பாசடரில் டேப்பெட் இடைவெளி 0.015 அங்குலம். 2000-ஆம் ஆண்டிலிருந்து நாடெங்கும் ஈயம் கலவாத பெட்ரோலே விற்கப்படுகிறது. ஈயம் அக்காலத்து வார்ப்பிரும்பு ஹெட்டுகளில் எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் இடத்துக்கு ஒரு காப்பாக இருந்தது. அது இல்லாமற்போகவே, கடுமையாக ஓட்டப்படும் வண்டிகளில் வால்வு மெல்லமெல்லத் தன் இருக்கைக்குள் இறங்கி, டேப்பெட் இடைவெளி குறைந்து, கடைசியில் வால்வு முழுதும் மூடாமல் கருகுகிறது. இடைவெளியை வைத்துச் சில மாதங்களில் மறுபடியும் குறைந்திருப்பதைக் கண்டால், ஹெட்டைக் கழற்றிக் கடினமான வால்வு சீட்டுகளைப் பதிக்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

கம்ப்ரெஷன் பார்க்கையில் நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுதும் மிதித்தபடி என்ஜினைச் சுழற்றுங்கள். அளவு எவ்வளவு என்பதைவிட நான்கும் ஒத்திருக்கின்றனவா என்பதே பிரதானம். ஒன்றுக்கும் மற்றதற்கும் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கலாகாது. குறைந்த சிலிண்டரில் ஒரு கரண்டி என்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளந்தால், எண் ஏறுமாயின் குறை ரிங்கில், ஏறாவிடில் வால்வில். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் மட்டும் குறைந்திருந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள். இங்கே பெருங்குறை இருக்குமாயின் கார்புரேட்டரை எவ்வளவு சீர் செய்தாலும் பிரயோஜனம் இல்லை.

பெட்ரோல் வரும் வழி

இந்தப் பரீட்சைகளில் பெட்ரோல் வெளியே வருமாதலால், திறந்த இடத்தில், பீடி சிகரெட்டும் நெருப்பும் அருகில் இல்லாமல், என்ஜின் நன்றாக ஆறிய பிறகு செய்யுங்கள். அம்பாசடரில் கார்புரேட்டருக்கு நேர் கீழேயே எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு இருப்பதை ஒருகணமும் மறக்கலாகாது.

காயிலுக்கு வரும் சன்ன வயரைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டரில் சேரும் பெட்ரோல் குழாயைப் பிரித்து ஒரு பாட்டிலுக்குள் விட்டு, ஸ்டார்ட்டரைச் சில நொடி சுழற்றச் சொல்லுங்கள். பம்பின் ஒவ்வொரு அடிக்கும் பெட்ரோல் பீறிட்டு வர வேண்டும். சொட்டுச் சொட்டாகவோ நுரையாகவோ வந்தால் பம்பின் டயாஃப்ரம், அதன் வால்வுகள், வழியில் உள்ள சல்லடை, வெடித்த ரப்பர் குழாய் ஆகியவற்றை ஒவ்வொன்றாய்ப் பாருங்கள். பாட்டிலைச் சற்று நேரம் அசையாமல் வைத்தால், அடியில் தங்கும் துருவும் தண்ணீரும் டாங்கியின் நிலைமையைச் சொல்லிவிடும். சில கிலோமீட்டர் ஓடியபின் மட்டும் இழுப்புக் குறையுமாயின், உடனே நிறுத்தி டாங்கி மூடியைத் திறந்து பாருங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே போகுமானால், காற்றுத் துளை அடைபட்டு டாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகியிருக்கிறது. ஒரு மெல்லிய கம்பியால் தீரக்கூடிய கோளாறு அது.

வேண்டாத காற்று

கார்புரேட்டரைத் தாண்டி மேனிஃபோல்டுக்குள் நுழையும் காற்று, யார் எவ்வளவு ட்யூன் செய்தாலும் கலவையை மெலிவாகவே வைத்திருக்கும். மேனிஃபோல்டு கேஸ்கெட், கார்புரேட்டர் அடிக் கேஸ்கெட், வாக்குவம் குழாய், தேய்ந்து ஆடுகிற கதவுத் தண்டு ஆகியவை அதன் வாயில்கள். ஸ்லோ ஸ்பீடில் ஓடவிட்டு, இணைப்புகளின் மேல் சோப்புத் தண்ணீரைத் தூரிகையால் தடவுங்கள். எந்த இடத்தில் தடவும்போது என்ஜினின் ஓட்டம் மாறுகிறதோ அங்கே கசிவு. பெட்ரோலையோ தின்னரையோ சூடான என்ஜின்மேல் தெளித்துச் சோதிக்கும் பழக்கம் தீ விபத்தில் முடியக்கூடியது. அதை அறவே விட்டுவிடுங்கள்.

கடைசியாகக் கார்புரேட்டர்

எஸ்.யூ. கார்புரேட்டரில் ஆக்சிலரேட்டர் பம்ப் கிடையாது. மணி போன்ற மேல்மூடிக்குள் ஏறி இறங்கும் பிஸ்டன் ஒன்றும், அதன் அடியில் தொங்கி ஜெட்டுக்குள் நுழைந்திருக்கும் கூம்பு ஊசி ஒன்றும்தான் அதன் உயிர்நிலை. திடீரென்று மிதிக்கும்போது பிஸ்டன் துள்ளி ஏறிவிடாதபடி மேலுள்ள எண்ணெய் தடுத்துப் பிடிக்கிறது. அந்தத் தடையினால் ஜெட்டின் வாயில் உறிஞ்சல் மிகுந்து, ஒரு கணம் செழிப்பான கலவை கிடைக்கிறது. மேல்மூடியின் உச்சியிலுள்ள திருகைக் கழற்றி டேம்பரை வெளியே எடுத்து மறுபடி மெல்ல அமிழ்த்துங்கள். திருகின் புரி தொடுவதற்குச் சுமார் கால் அங்குலம் முன்பே கைக்கு ஒரு தடை தட்டுப்பட வேண்டும். தட்டுப்படாவிடில் எண்ணெய் இல்லை, எஸ்.ஏ.இ. 20 ரக எண்ணெய் சிறிதளவு ஊற்றினால், மாதக்கணக்கில் தொல்லை கொடுத்த தடுமாற்றம் ஐந்து நிமிஷத்தில் தீர்ந்துவிடுவதும் உண்டு. கியர் ஆயில் போன்ற கெட்டியானதை ஊற்றாதீர்கள்.

பிறகு, டேம்பரை வெளியே வைத்துவிட்டு, பிஸ்டனை விரலால் முழுதும் உயர்த்தி விடுங்கள். அது தடையின்றி இறங்கி ‘டக்’ என்ற உலோக ஓசையோடு உட்கார வேண்டும். பாதியில் நின்றாலோ ஓசையின்றி அமர்ந்தாலோ, மூடியின் உட்புறம் அழுக்கேறியிருக்கிறது, அல்லது ஜெட் நடுமையம் தவறி ஊசி உரசுகிறது. மூடியைப் பெட்ரோலில் நனைத்த துணியால் துடையுங்கள். உப்புத்தாள் கூடவே கூடாது. பிஸ்டனின் பக்கங்களுக்கு எண்ணெய் இடாமல், நடுத்தண்டுக்கு மட்டும் ஒரு துளி இடுங்கள்.

கலவையைப் பரீட்சிக்க, டேம்பரைப் பழையபடி பூட்டி, சூடான என்ஜினை ஸ்லோ ஸ்பீடில் ஓடவிட்டு, அடியில் பிஸ்டனைத் தூக்குவதற்கென்றே உள்ள சிறு ஊசியால் அதை ஓர் அங்குலத்தில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு மட்டும் உயர்த்துங்கள். வேகம் ஏறி அப்படியே நின்றால் கலவை செழிப்பு. உடனே தளர்ந்து நிற்கப் போனால் மெலிவு. கணநேரம் லேசாக ஏறிப் பின் நிதானித்தால் சரியான கலவை. ஜெட்டின் அறுகோண நட்டை ஒரு முகம் திருப்புவதே ஒரு தடவைக்குப் போதும்.

சோலெக்ஸில் வழி வேறு. அங்கே மிதியோடு இணைந்த சிறு டயாஃப்ரம் பம்ப் ஒன்று, மிதித்த கணத்தில் பெட்ரோலைக் கார்புரேட்டரின் தொண்டைக்குள் பீய்ச்சுகிறது. என்ஜினை நிறுத்தி, ஏர் கிளீனரைக் கழற்றி, மேலிருந்து வெளிச்சம் பட நோக்கியபடி கதவின் நெம்பைக் கையால் சட்டென்று இழுங்கள்: மயிரிழைபோன்ற சன்னக் குழாயிலிருந்து பெட்ரோல் அந்தக் கணமே, ஒரே நேர்த்தாரையாக, இழுத்து முடிக்கும் வரை விழ வேண்டும். தாமதமாக விழுந்தால் பம்பின் ஒருவழி வால்வில் அழுக்கு. கோணலாகவோ சிதறியோ விழுந்தால் குழாயின் வாயில் அடைப்பு. விழவே இல்லையெனில் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. பம்ப் செவ்வையாயிருந்தும் உயர் வேகத்தில் திணறினால், மெயின் ஜெட்டையும் ஃப்ளோட் மட்டத்தையும் நீடில் வால்வையும் பாருங்கள். ஜெட்டை ஊதித்தான் சுத்தம் செய்ய வேண்டும். கம்பியால் குத்தினால் நுண்ணிய துளை விரிந்து, அந்த ஜெட் என்றைக்கும் உதவாமற்போகும்.

இன்றைய பெட்ரோல்

இப்போது விற்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனாலில் ஆக்சிஜன் அடங்கியிருப்பதால், பழைய ஜெட் அளவிலேயே ஓடும் என்ஜினுக்குக் கலவை சற்று மெலிந்து போகிறது. அக்காலத்து ரப்பர்க் குழாய்களும் டயாஃப்ரங்களும் அதில் ஊறி இளகுகின்றன. காற்றின் ஈரத்தை அது இழுத்துக்கொள்வதால் நெடுநாள் நின்ற வண்டியின் டாங்கியில் துரு மிகுகிறது. எத்தனாலைத் தாங்கும் ரப்பர் உறுப்புகளை மாற்றிக்கொள்வதும், மாதம் ஒருமுறையாவது வண்டியை ஓட்டிப் பெட்ரோலைப் புதுப்பிப்பதும், எஸ்.யூ.வின் ஜெட் நட்டை இந்த எரிபொருளுக்கு ஏற்பத் திரும்ப வைப்பதும் அவசியம்.

வாசகருக்கு ஒரு விண்ணப்பம்

இவ்வளவையும் ஒரே நாளில் செய்து முடிக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு நியமத்தை மட்டும் கண்டிப்பாகக் கைக்கொள்ளுங்கள்: ஒரு சமயத்தில் ஒன்றையே மாற்றி, உடனே அதே சாலையில், அதே ஏற்றத்தில், அதே கியரில் ஓட்டிப் பார்த்து, கண்டதை ஒரு நோட்டில் தேதியோடு குறித்துவையுங்கள். பாயிண்டையும் ஜெட்டையும் டைமிங்கையும் ஒரே மூச்சில் மாற்றியவர், வண்டி சரியானாலும் எதனால் சரியாயிற்று என்று அறியமாட்டார். அடுத்த முறை அதே குறை வரும்போது மறுபடியும் முதலிலிருந்தே தொடங்குவார். இந்த வண்டிகளைத் தயாரித்த தொழிற்சாலைகள் அவற்றை விட்டுவிட்டன. அவற்றின் சூட்சுமம் அறிந்த மெக்கானிக்குகளும் குறைந்து வருகிறார்கள். இனி இவற்றின் ஆயுள், உரிமையாளரின் பொறுமையையும் அவர் எழுதிவைக்கும் குறிப்புகளையும் பொறுத்தது. ஆகவே புதிய கார்புரேட்டருக்குப் பணம் எடுக்குமுன், ஒரு ஃபீலர் கேஜும் ஒரு பிளக் ஸ்பேனரும் வாங்கி, இந்த அத்தியாயத்தின் முதல் பரீட்சையிலிருந்து தொடங்குங்கள்.